சாதா சைக்கிளில் திற்பரப்பு!

"அம்மா, ஸ்கூலில் கொடுக்கப் போகிற இலவச சைக்கிள் எனக்கு வேண்டவே வேண்டாம். முன்னாலயும் பின்னாலயும் ஷாக் அப்சார்பர் வெச்ச சைக்கிள்தான் வேணும்!"

காலாண்டு விடுமுறைக்குப் பிறந்த வீடு போகப் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்த நேரத்தில், பிளஸ் ஒன் படிக்கும் என் பெண் இப்படி ஒரு குண்டைத் தூக்கிப் போட்டாள். மதுரையில் அவள் வகுப்புத் தோழிகள் இரண்டு பேர் அப்படிப்பட்ட சைக்கிளில் வருகிறார்களாம். அரசாங்க சைக்கிளை 'தாத்தா சைக்கிள்' என்று கேலி செய்கிறார்களாம்.

விலை விசாரித்தேன். பன்னிரண்டாயிரம்! பீரோவில் சேலைகளுக்கு அடியில் நான் சீட்டுப் பிடித்துச் சேர்த்து வைத்திருந்ததும் சரியாக அதே பன்னிரண்டாயிரம்தான். அதற்கு நான் வேறொரு கணக்குப் போட்டிருந்தேன். "சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது. உடம்பை அசைக்காவிட்டால் அடுத்த வருஷம் மாத்திரைதான்" என்று டாக்டரம்மா எச்சரித்திருந்தார். வீட்டுக்குள்ளேயே நின்ற இடத்தில் மிதிக்கிற உடற்பயிற்சி சைக்கிள் ஒன்று வாங்கலாம் என்று நினைத்திருந்தேன். நாற்பத்து நாலு வயதில் தெருவில் இறங்கி ஓட முடியுமா என்ன?

என்னவரிடம் கேட்டேன். "அம்மாவும் பெண்ணுமாகப் பேசி முடிவு பண்ணுங்கள்" என்று செய்தித்தாளுக்குள் முகத்தை மறைத்துக்கொண்டார். சரி, ஊருக்குப் போய்விட்டு வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று ரயில் ஏறினோம்.

பச்சை மலைச் சீமை

என் பிறந்த ஊர் கன்னியாகுமரி மாவட்டத்தில் குலசேகரத்தை அடுத்த ஒரு சிற்றூர். குமரி என்றதும் கடலும் சூரியோதயமும்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். நாகர்கோவிலைத் தாண்டி மேற்கே வந்து பாருங்கள்! 1956 நவம்பர் 1-ஆம் தேதி தமிழ்நாட்டோடு சேரும் வரையில் இது திருவிதாங்கூர்ச் சீமை. தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் பெய்யும் பூமி. சமதரை என்பதே கிடையாது. ஒரு ஏற்றம் ஏறினால் ஒரு இறக்கம். இடையில் ரப்பர்த் தோட்டம், மரச்சீனிக் கிழங்கு, வாழை, நல்லமிளகுக் கொடி.

என் அப்பா ரப்பர் வெட்டுத் தொழிலாளி. விடியுமுன் குளிர்ந்த நேரத்தில்தான் ரப்பர் மரத்தில் பால் நன்றாக வடியும். அதனால் இருட்டோடு சைக்கிளை எடுத்துக்கொண்டு புறப்பட்டு விடுவார். பட்டையைச் சரித்து வெட்டி, சிரட்டையில் பாலைப் பிடித்து, உறைய வைத்து, ஷீட்டாக அடித்துக் காயப்போட்டு, அந்த ஷீட்டுக் கட்டையும் ஒட்டுப்பாலையும் அதே சைக்கிளின் கேரியரில் வைத்துக் கடைக்குக் கொண்டுபோய்ப் போடுவார். திரும்பி வரும்போது கேரியரில் அரிசியும் கிழங்கும், முன் கம்பியில் நானும் இருப்போம்.

1991-இல் எனக்குப் பத்து வயது. அந்தக் கறுப்புச் சைக்கிளில்தான், கம்பிக்கு அடியில் காலை நுழைத்துக் குரங்குப் பெடல் அடித்து ஓட்டக் கற்றுக்கொண்டேன். எங்கள் பக்கத்தில் சைக்கிள் 'மிதிப்பது' கிடையாது, 'சவுட்டுவது'தான்! "கையை இறுக்காதே மக்களே, சும்மா தொட்டுக்கோ. அது போற வழி அதுக்குத் தெரியும்" என்று அப்பா பின்னாலேயே ஓடி வருவார். கல்யாணமாகி மதுரைக்குப் போன பிறகு நான் சைக்கிளைத் தொடவே இல்லை. அப்பாவும் காலமாகி விட்டார். அவர் சைக்கிள் மட்டும் விறகுப் புரையில் துரு ஏறி நிற்கிறது.

இரண்டு சைக்கிள்கள்

அண்ணன் வீட்டில் இரண்டு சைக்கிள்கள் இருந்தன. ஒன்று, பிளஸ் டூ படிக்கும் அண்ணன் மகளுக்குப் போன வருஷம் பள்ளியில் கிடைத்த அரசாங்க சைக்கிள். மற்றொன்று அண்ணன் மகனுடையது. என் பெண் கனவு கண்டுகொண்டிருந்த அதே ரகம்! முன்னால் இரண்டு ஸ்பிரிங் குழாய், நடுவில் பட்டையான ஒரு ஸ்பிரிங், பருத்த டயர். பார்த்ததும் இவள் முகம் மலர்ந்து விட்டது.

"நாளைக்குத் திற்பரப்புக்குச் சைக்கிளிலேயே போகலாமா அம்மா? நான் இதை எடுத்துக்கறேன். நீ அதை எடுத்துக்கோ."

"நானா? இந்த வயசிலா? ஊர் சிரிக்கும்!"

கிழங்கு நறுக்கிக்கொண்டிருந்த மைனி நிமிர்ந்து பார்த்தாள். "யாரு சிரிப்பாவ? சிரிக்கதுக்கு இங்க யாருக்கு நேரம் இருக்கு? சுடிதாரைப் போட்டுக்கிட்டுப் போயிட்டு வாங்க."

முதலில் முற்றத்தில் பத்துச் சுற்றுச் சுற்றினேன். முதல் சுற்றில் வாழைக்கன்று ஒன்று தப்பிப் பிழைத்தது. ஐந்தாம் சுற்றில் கால் தானாகச் சுழன்றது. சிறு வயதில் கற்ற நீச்சலும் சைக்கிளும் மறக்காது என்பது சத்தியமான வார்த்தை!

திற்பரப்பில்

மறுநாள் காலை ஆறு மணிக்குக் கட்டன் சாயா குடித்துவிட்டுக் கிளம்பினோம். ஐந்தாறு கிலோமீட்டர்தான். ஆனால் முதல் ஒரு கிலோமீட்டருக்குள் எனக்கு உள்ளங்கை மரத்துவிட்டது. ரோட்டில் இருந்த ஒவ்வொரு குழியும் தோள்பட்டை வரை வந்து 'நலமா?' என்று கேட்டது. என் பெண்ணோ முன்னால் பறந்துகொண்டு, "எனக்குக் குழியே தெரியலைம்மா!" என்று கத்தினாள்.

உள்ளதைச் சொல்ல வேண்டும். இறக்கங்களில் அவள் வண்டி சுகமாகத்தான் போயிற்று. எனக்குக் கொஞ்சம் பொறாமைகூட வந்தது.

திற்பரப்பு அருவி குற்றாலம் போல உயரத்திலிருந்து கொட்டுவது அல்ல. பேச்சிப்பாறை அணைக்குக் கீழே பதின்மூன்று கிலோமீட்டர் தூரத்தில், கோதையாறு ஒரு பெரிய பாறைப் பரப்பின் மேல் படர்ந்து வந்து, ஏறக்குறைய 50 அடி கீழே பல பிரிவாக விழுகிறது. அருவிக்குச் சற்று மேலே வயல்களுக்குத் தண்ணீரைத் திருப்ப ஒரு தடுப்பணை. வருஷத்தில் ஏழு மாதம் போலத் தண்ணீர் இருக்கும். நாங்கள் போனபோது நல்ல வரத்து. கம்பியைப் பிடித்துக்கொண்டு பிடரியைக் கொடுத்து நின்றேன். உள்ளங்கை மரப்பும் தோள் வலியும் தண்ணீரோடு போன இடம் தெரியவில்லை. சிறு குழந்தைகள் பயமில்லாமல் விளையாடத் தனியாக ஒரு குளம் இருப்பது தாய்மார்களுக்குப் பெரிய நிம்மதி.

அருவிக்கும் தடுப்பணைக்கும் நடுவில், ஆற்றின் இடது கரையில் கோட்டை போன்ற மதிலுக்குள் மகாதேவர் கோயில். சிவராத்திரியை ஒட்டி நடக்கும் சிவாலய ஓட்டத்தைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். முஞ்சிறை திருமலையில் தொடங்கித் திருநட்டாலத்தில் முடியும் பன்னிரண்டு சிவாலயங்களில் திற்பரப்பு மூன்றாவது. கையில் பனையோலை விசிறியோடு, "கோவிந்தா, கோபாலா" என்று சொல்லிக்கொண்டே நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓடுவார்கள். இப்போது வண்டிகளில் போகிறவர்களும் உண்டு. ஆனால் ஓடுகிறவர்கள் இன்றும் ஓடத்தான் செய்கிறார்கள்.

"வெறுங்காலோடா அம்மா இந்தக் கல்லிலும் முள்ளிலும் ஓடறாங்க?" என்று கேட்டாள்.

"காலே செருப்பு. முழங்காலே ஸ்பிரிங்" என்றேன். சும்மா வாயில் வந்ததைத்தான் சொன்னேன். திரும்பும் வழியில் அதுவே எனக்குப் பாடமாக அமைந்தது.

அப்பா சொன்னது நினைவுக்கு வந்தது. ஹாண்டில்பாரை இறுக்கிப் பிடிக்காமல் விரல்களைத் தளர்த்திக்கொண்டேன். முழங்கையை லேசாக மடக்கினேன். குழி வரும்போது இரண்டு பெடலையும் ஒரே மட்டத்தில் நிறுத்தி, சீட்டிலிருந்து நாலு விரற்கடை எழும்பிக்கொண்டேன். அவ்வளவுதான்! குழி சைக்கிளுக்குத்தான் போயிற்று. என் முதுகுக்கு வரவில்லை. கையும் காலுமே ஸ்பிரிங்காக வேலை செய்தன. போகும்போது ஸ்பிரிங் இல்லாததா என்னை அடித்துப் போட்டது? இல்லை, நான் கட்டையாக உட்கார்ந்திருந்ததுதான்.

இன்னொன்றும் கவனித்தேன். ஏற்றம் வந்ததும் என் பெண் பின்தங்கினாள். எழுந்து நின்று அழுத்தி மிதிக்கும்போதெல்லாம் அவள் வண்டி ஊஞ்சல் மாதிரி முன்னும் பின்னும் அமுங்கி எழுந்தது. காலில் கொடுக்கிற பலத்தில் ஒரு பங்கை ஸ்பிரிங் விழுங்கிவிடுகிறது. மிச்சம்தான் சக்கரத்துக்குப் போகிறது. போதாக்குறைக்கு வண்டியின் கனம் வேறு. இரண்டையும் தூக்கிப் பார்த்தேன். அவளுடையதை ஒரு கையால் தூக்கவே முடியவில்லை.

மலைச் சைக்கிள் பிறந்த கதை

அன்று இரவு சாப்பிட்டு முடித்துத் திண்ணையில் உட்கார்ந்திருந்தபோது அண்ணன் மகன் ஒரு சுவாரசியமான விஷயம் சொன்னான். மலைச் சைக்கிள் என்றாலே ஸ்பிரிங் இருக்க வேண்டும் என்றுதானே நினைக்கிறோம்? அந்த விளையாட்டே ஸ்பிரிங் இல்லாமல்தான் பிறந்ததாம்!

அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்து மாரின் என்ற பகுதியில் டமால்பயஸ் என்றொரு மலை. 1970-களில் அங்கிருந்த சில இளைஞர்கள் பருத்த டயர் போட்ட பழைய, கனமான சைக்கிள்களைக் காயலான் விலைக்கு வாங்கி, மலைப் பாதையில் இறங்கி விளையாடத் தொடங்கினார்கள். 1976 அக்டோபரில் முதல் பந்தயம் நடந்தது. அந்தப் பாதைக்கு 'ரீபேக்' என்று பெயர். ஒரு தடவை இறங்கினால் பின் சக்கரப் பிரேக் சூடேறி, உள்ளே இருக்கும் கிரீஸ் புகைந்து போய்விடுமாம். மறுபடி கிரீஸ் அடைத்தால்தான் அடுத்த ஓட்டம். அதனால் அந்தப் பெயர்! 1977-இல் ஜோ பிரீஸ் என்பவர் மலைக்கென்றே சைக்கிள் செய்தார். அதிலும் ஸ்பிரிங் கிடையாது. முன் சக்கரத்துக்கு ஸ்பிரிங் குழாய் வைத்த வகை கடைக்கு வந்தது 1989-ஐ ஒட்டித்தான். இன்றைக்கும் அந்த நாட்டில் வேண்டுமென்றே ஸ்பிரிங் இல்லாத மலைச் சைக்கிளைத் தேடி வாங்கி ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்களாம். கனம் குறைவு, செலவு குறைவு, கல் எது மண் எது என்று கைக்குத் தெரிகிறது என்பதுதான் அவர்கள் சொல்லும் காரணம்.

"அப்படீன்னா நீ ஏண்டா இதை வாங்கினே?" என்று என் பெண் மடக்கினாள்.

"பார்க்க நல்லா இருந்துச்சு" என்றான் அசடு வழிய.

மாத்தூர் வழியில்

மறுநாள் மாத்தூர் தொட்டிப்பாலம். திற்பரப்பிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் இருக்கும். எங்கள் ஊரிலிருந்தும் ஏறக்குறைய அதே தூரந்தான். ரப்பர்த் தோட்டத்து மண்பாதை, சானல் கரை, கொஞ்சம் தார் ரோடு என்று மாறி மாறிப் போனோம். மழை பெய்த மண்ணில் வேர்கள் நரம்பு மாதிரி புடைத்திருந்தன. எனக்கு இப்போது பயமில்லை. எந்த வேர் வழுக்குகிறது, எந்த மண் பொதபொதவென்று இருக்கிறது என்று உள்ளங்கை சொல்லிக்கொண்டே வந்தது. அப்பா வெள்ளி முளைக்கிற நேரத்தில் டார்ச் லைட்டும் சரியாக இல்லாமல் இதே பாதையில் எப்படிப் போனார் என்று சிறு வயதில் ஆச்சரியப்படுவேன். அன்றைக்குத்தான் புரிந்தது.

தொட்டிப்பாலத்தைப் பார்த்ததும் என் பெண் வாயடைத்துப் போனாள். பறளியாற்றுப் பள்ளத்தாக்கின் குறுக்கே, 28 பெரிய தூண்களின் மேல் தண்ணீர்த் தொட்டி நீண்டுகொண்டே போகிறது. உயரம் 115 அடி. ஒரு குன்றிலிருந்து எதிர்க் குன்றுக்குப் பாசனத் தண்ணீரைக் கொண்டுபோவதற்காகக் காமராஜர் காலத்துத் திட்டமாக எழுந்து, 1966-இல் முடிந்தது. விளவங்கோடு, கல்குளம் பகுதி நிலங்களுக்கு இதில்தான் தண்ணீர் போகிறது. சைக்கிளைக் கீழே பூட்டிவிட்டுப் பாலத்து நடைபாதையில் நடந்தோம். எட்டிப் பார்த்தால் தென்னை மரங்கள் கோலப் புள்ளி மாதிரி தெரிகின்றன. தலைசுற்றல் உள்ளவர்கள் நடுவில் நடப்பது நல்லது. குழந்தைகளின் கையை விடவே கூடாது.

திரும்பும்போதுதான் வினை வந்தது. ஒரு செங்குத்தான ஏற்றத்தில் என் பெண்ணின் வண்டி 'கிரீச்' என்று கத்தியது. இறங்கிப் பார்த்தால், நடு ஸ்பிரிங்கைத் தாங்கும் போல்ட்டு தேய்ந்து ஆடுகிறது. பின் சக்கரம் பாம்பு மாதிரி நெளிந்தது. ஏறி உட்காரவே முடியவில்லை. தள்ளிக்கொண்டே நடந்து, ஒரு முக்கில் இருந்த சைக்கிள் கடையை அடைந்தோம்.

கடைக்காரருக்கு அறுபது வயதுக்கு மேலிருக்கும். ஆட்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"இதுக்க புஷ் இங்க கிட்டாது மக்களே. நாகர்கோயிலுக்குச் சொல்லி விடணும். மழைக்காலத்துல இந்த முட்டெல்லாம் தண்ணி எறங்கித் துரு பிடிச்சிரும். ரெண்டு மழை தாண்டாது. வெலை கூடின வண்டி நல்லா நிக்கும், அது வேற. இது வெறும் பகட்டு."

"அப்போ இந்த வண்டி?" என்று அரசாங்க சைக்கிளைக் காட்டினாள் இவள்.

"இதுக்கு என்ன? செயின், பிரேக் கட்டை, பெயரிங். அம்புட்டுதான். நான் இல்லேன்னா நீயே பூட்டிக்கிடலாம்" என்று சிரித்தார்.

ஸ்பிரிங் சைக்கிளை அங்கேயே விட்டோம். மீதி வழிக்கு இரண்டு பேருக்கும் ஒரே சைக்கிள். மழை வேறு கறுத்துக்கொண்டு வந்தது.

"நீ பின்னால உட்காரும்மா. நான் சவுட்டறேன்" என்றாள்.

மதுரையில் பிறந்த பெண் வாயில் 'சவுட்டறேன்' என்ற வார்த்தை வந்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. கேரியரில் உட்கார்ந்து அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டேன். ஏற்றம் வந்தால் இருவரும் இறங்கித் தள்ளினோம். சமமான இடத்தில் அவள் மிதித்தாள். கொஞ்ச தூரம் போனதும், "அம்மா, கையை இறுக்காம இருந்தா நல்லா போகுதும்மா!" என்றாள். நான் அவளுக்கு அதைச் சொல்லிக் கொடுக்கவில்லை. அவளாகவே கண்டுபிடித்திருந்தாள்.

எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. ஒரு காலத்தில் முன் கம்பியில் உட்கார்ந்து நான் போன வழி அது. இப்போது பின்னால் உட்கார்ந்து போகிறேன். நடுவில் மிதித்தவர் மட்டும் இல்லை.

ரப்பர் மரமும் ஒரு அப்பாவும்

வீட்டுக்கு வந்து தலை துவட்டிக்கொண்டிருந்தபோது அம்மை கேட்டாள்: "மக்களே, கம்பி ஸ்பிரிங் இல்லேன்னா குலுக்கம் தெரியாதா?"

"டயரில் காற்று இருக்கே பாட்டி, அதுதான் ஸ்பிரிங்" என்று பேத்தி பதில் சொன்னாள்.

உண்மைதான். அந்தக் காற்று டயர் வந்த கதை ஒவ்வொரு தாயும் தெரிந்துகொள்ள வேண்டியது. 1888-ஆம் வருஷம், அயர்லாந்தில் பெல்பாஸ்ட் நகரத்தில் ஜான் பாய்ட் டன்லப் என்ற மாட்டு வைத்தியர் இருந்தார். அவருடைய சின்ன மகன் கெட்டி ரப்பர்ச் சக்கரம் வைத்த மூன்று சக்கர வண்டியில் கல் பாவிய தெருவில் ஓட்டிக் குலுங்கிப் போவதைப் பார்த்து மனம் பொறுக்காமல், ரப்பர்க் குழாயில் காற்றை அடைத்துச் சக்கரத்தில் சுற்றினார். நடைமுறைக்கு உதவிய காற்று டயர் அப்படித்தான் பிறந்தது. ஒரு பிள்ளையின் முதுகு வலிக்கக் கூடாதே என்ற கவலையில்!

அந்த ரப்பரைத்தான் எங்கள் ஊரில் அப்பாக்கள் இருட்டில் எழுந்து வெட்டினார்கள். இதைச் சொன்னதும் என் பெண் எழுந்து விறகுப் புரைக்குப் போய்த் தாத்தாவின் சைக்கிளை வெளியே உருட்டிக்கொண்டு வந்துவிட்டாள்.

புதுக்கோட்டைப் பெண்கள்

நான் குரங்குப் பெடல் பழகிய அதே 1991-92-இல், புதுக்கோட்டை மாவட்டத்தில் ஒரு பெரிய காரியம் நடந்தது. அறிவொளி இயக்கத்தின் எழுத்தறிவு வகுப்புகளோடு சைக்கிள் பழகுவதையும் சேர்த்தார் அப்போது கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத். கல் உடைக்கிறவர்கள், வயல் வேலை செய்கிறவர்கள், ஆசிரியைகள் என்று ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிளில் ஏறினார்கள். லேடீஸ் சைக்கிள் போதுமான அளவு கிடைக்கவில்லை. அதற்காக அவர்கள் நிற்கவில்லை. ஆண்கள் சைக்கிளையே ஓட்டினார்கள். சில பேருக்கு அதுதான் பிடித்ததாம். ஏன் தெரியுமா? முன் கம்பியில் குழந்தையை உட்கார வைத்துக்கொள்ளலாமே! தண்ணீர் எடுக்க, விறகு கொண்டுவர, சந்தைக்குப் போக யாரையும் எதிர்பார்க்க வேண்டியதில்லை. அவர்களுடைய சைக்கிளில் எந்த ஷாக் அப்சார்பரும் இல்லை.

பள்ளிப் பெண்களுக்கு இலவச சைக்கிள் தரும் திட்டம் தமிழ்நாட்டில் 2001-ஐ ஒட்டி ஆதி திராவிட, பழங்குடி மாணவியருக்கென்று ஆரம்பித்துப் பிறகு மற்றவர்களுக்கும் விரிந்தது. அந்தச் சைக்கிளைத்தான் நம் பிள்ளைகள் 'தாத்தா சைக்கிள்' என்கிறார்கள். சொல்லட்டும், தாத்தாக்கள் அதில்தான் குடும்பத்தைச் சுமந்தார்கள்.

ஸ்பிரிங்கே வேண்டாம் என்று நான் வாதாட வரவில்லை. பெரும் பாறைகளில் வேகமாக இறங்கிப் பந்தயம் ஓட்டுகிறவர்களுக்கு அது அவசியம். நல்ல தரமானதாக வாங்கினால் உழைக்கும். ஆனால் பள்ளிக்கும் கடைக்கும் கோயிலுக்கும் போகிற நமக்கு, விலை குறைந்த வண்டியில் பகட்டுக்கு வைத்த ஸ்பிரிங் சுமைதான்.

சைக்கிள் ஏற நினைக்கும் சகோதரிகளுக்குச் சில குறிப்புகள்

சீட்டு உயரம்: உட்கார்ந்து குதிகாலைக் கீழ்ப் பெடலில் வைத்தால் கால் ஏறக்குறைய நேராக நீள வேண்டும். சீட்டு தாழ்வாக இருந்தால் முழங்கால் வலிக்கும்.

காற்று: டயரைக் கல் மாதிரி அடிக்காதீர்கள். பக்கவாட்டில் எழுதியிருக்கும் அளவுக்குள், கரடான பாதைக்குக் கொஞ்சம் குறைவாக வைத்தால் குலுக்கம் குறையும். அதிகம் குறைத்தால் டியூப் கடிபடும்.

பிடி: விரல் தளர்வாக, முழங்கை மடங்கி இருக்கட்டும். குழியில் பெடலைச் சமமாக நிறுத்தி லேசாக எழும்புங்கள்.

பிரேக்: மழையில் ரிம் நனைந்தால் பிரேக் உடனே பிடிக்காது. முன்கூட்டியே, இரண்டு பிரேக்கையும் சேர்த்து மெதுவாகப் பிடியுங்கள். முன் பிரேக்கை மட்டும் சட்டென்று பிடித்தால் தலைகுப்புற விழ நேரும்.

உடை: துப்பட்டாவை இடுப்பில் முடிந்துகொள்ளுங்கள். செயின் கவரும் சேலை கார்டும் அவசியம். ஹெல்மெட் போட வெட்கம் வேண்டாம்.

குழந்தை: பின்னால் உட்காரும் குழந்தையின் கால் சக்கரக் கம்பிக்குள் போய்விடாமல் தடுப்பும், கால் வைக்க இடமும் கட்டாயம் வேண்டும்.

உடல்நலம்: முதல் வாரம் பத்து நிமிஷம் போதும். முதுகுத் தண்டில் கோளாறு உள்ளவர்கள், கர்ப்பிணிகள், சர்க்கரைக்கு மருந்து சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்டுக்கொண்டு ஆரம்பிப்பது நல்லது.

ஊர் திரும்பும்போது

அந்தக் கடைக்காரரே தாத்தாவின் சைக்கிளைச் சீர் செய்து கொடுத்தார். புது டயர், டியூப், செயின், பிரேக் கட்டை, சீட்டு எல்லாம் சேர்த்துப் பன்னிரண்டாயிரத்தில் கால்வாசிகூட ஆகவில்லை. "பிரேமுக்கு ஒண்ணும் ஆகல்ல. ஒங்கப்பா நல்லா வச்சிருக்காரு" என்றார். ரயில் பார்சலில் மதுரைக்குக் கொண்டுவந்து விட்டோம்.

மீதிப் பணம் மறுபடி சேலைகளுக்கு அடியில் போயிற்று. நின்ற இடத்தில் மிதிக்கிற சைக்கிள் இனி எதற்கு? தினமும் விடிகாலையில் வைகைக் கரை வரை போய் வருகிறேன். முதல் நாள் எதிர் வீட்டு ஜன்னல் திறந்தது. இரண்டாம் நாளும் திறந்தது. நாலாம் நாள் அந்த வீட்டு மாமி, "எனக்கும் பழகித் தர முடியுமா?" என்று கேட்டாள்!

பள்ளியில் இலவச சைக்கிள் கொடுத்த அன்று என் பெண் அதை வாங்கி ஓட்டிக்கொண்டே வந்தாள். வாசலில் நிறுத்திவிட்டு முதல் காரியமாகக் கட்டை விரலால் டயரை அமுக்கிப் பார்த்தாள்.

"காத்து கொஞ்சம் ஜாஸ்திம்மா" என்றாள்.